செண்பகவல்லியின் தட்டு

"காக்கா சோறெடுக்க மாட்டேங்குதும்மா," என்றார் ஆவுடைநாயகம்.

உலகம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்தக் காக்கா?"

"எந்தக் காக்காயும்."

"சரி. உட்காருங்க அண்ணாச்சி."

குரு என்றதும் தாடியும் காவியும் தேடுகிறவர்களுக்கு உலகம்மையைப் பார்த்தால் சப்பென்று போய்விடும். நாற்பத்தைந்து வயதுப் பெண். நூல் சேலை. மலையடிவாரத்தில் ஒரு ஓட்டு வீடு, முன்னால் கிணறு, பின்னால் மரமும் செடியுமாய் ஒரு புறவாசல். ஊர்க்காரர்கள் அதை மடம் என்பார்கள். அவள் வீடு என்பாள். மனசு சரியில்லாதவர்கள் வந்து கொஞ்ச நாள் தங்குவார்கள், கொடுத்த வேலையைச் செய்வார்கள், போவார்கள்.

ஆவுடைநாயகம் அவளைவிட மிகவும் மூத்தவர். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தனக்குக் கீழே இருந்தவர்களை ஒரு அதட்டலில் கம்பத்தில் ஏற்றியவர். சின்னவளை அம்மா என்று கூப்பிட முதலில் நாக்கு புரளவில்லை. கஷ்டம் வந்தால் எல்லாம் புரளும்.

"வீட்டுக்காரி செண்பகவல்லி போயி வருசம் ஆகப்போவுது," என்றார். "அமாவாசை தவறாம சோறு வைக்கேன். ஒரு காக்கா வரணுமே. மதில் மேல வச்சுட்டு கா கான்னு கூப்பிட்டு தொண்டத்தண்ணி வத்துனதுதான் மிச்சம். போன வாரம் ஆடி அமாவாசை. சொந்தபந்தம் எல்லாம் வந்தாச்சு. காக்கா எடுக்காம நாம சாப்பிட முடியுமா? சாயங்காலம் வரைக்கும் அத்தன பேரும் பட்டினி."

"பொறவு?"

"என் மச்சினன் கைலாசம், அவ தம்பி, எல்லார் முன்னாலயும் சொல்லிட்டான். அக்கா எதையோ மனசுல வச்சுக்கிட்டுத்தான் போயிருக்கான்னு."

கீரைக் காம்பு ஒன்று ஒடிந்தது.

"ஐப்பசில வருச திதி," என்றார் ஆவுடைநாயகம். "அன்னைக்கும் எடுக்கலன்னா... அவ என் மேல கோவமாத்தான் போயிருக்கா. ஆயுசுக்கும் அத நெனச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாதும்மா."

சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன வச்சீங்க?"

"குறையே கிடையாது. அவியல், உளுந்த வடை, வாழைக்காப் புட்டு, பால் பாயசம்."

"எல்லாம் அவங்களுக்குப் பிடிச்சதா?"

"பிரமாதமா செய்வா."

"அது கேக்கல."

ஆவுடைநாயகம் கைபேசியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மகள் வடிவு கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

"அம்மாவுக்கா?" என்றாள் வடிவு. "எனக்குப் பிடிச்சது, உங்களுக்குப் பிடிச்சதுன்னுதானேப்பா செய்வா. அவளுக்குன்னு... தெரியலையேப்பா."

அவர் திரும்பி வந்தபோது கீரை ஆய்ந்து முடிந்திருந்தது.

"அத விடுங்கம்மா," என்றார். "காக்காய வரவைக்க ஒரு வழி சொல்லுங்க."

"இங்க இருங்க. இருக்குற வரைக்கும் நீங்க எல்லாருக்கும் பரிமாறணும். கடைசிலதான் சாப்பிடணும்."

"அவ்வளவுதானா?"

"புறவாசல்ல உட்கார்ந்து சாப்பிடணும்."

"புறவாசல்லயா?"

"அங்கதான் இடம் இருக்கு," என்றாள்.

*

அந்தப் புறவாசலைச் சொல்ல வேண்டும். ஒரு முருங்கை, ஒரு கொய்யா, செம்பருத்திப் புதர். நிழலில் தண்ணீர் நிறைந்த மண்சட்டி. காலையில் உலகம்மை ஒரு இலையில் சோறும் தேங்காய்ச் சில்லும் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். யாரையும் கூப்பிட மாட்டாள். தவிட்டுக்குருவிகள் கூட்டமாய் வந்து இறங்கிக் கத்தும். மைனா வரும். அணில் வரும். காக்கை முருங்கை உச்சியில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு இறங்கும்.

ஆவுடைநாயகம் இதை முதல் நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வயிறெரிந்தது. நம் வீட்டில் வடையும் பாயசமும் காய்ந்து கிடந்தது, இங்கே வெறும் சோற்றுக்கு இந்தக் கூட்டமா?

வெளியே வந்தார். அணில் இலையில் ஏறி ஒரு தேங்காய்ச் சில்லைத் தூக்கியது. மனுசருக்குக் கை சும்மா இருக்குமா? மூலையில் கிடந்த கம்பை எடுத்து ஓங்கினார்.

புறவாசல் ஒரே நொடியில் காலி.

"எதுக்கு விரட்டுனீங்க?" உலகம்மை பின்னால் நின்றாள்.

"காக்காய்க்கு வச்சதுல்லாம்மா அது. இந்தச் சனியன் வந்து எச்சில் பண்ணுது."

"உங்க வீட்டுலயும் விரட்டுவீங்களா?"

"பின்ன? படையல் சோறு. ஒரு குருவி, ஒரு அணில் கிட்ட வர விட்டதில்ல. கம்போடயேதான் நிப்பேன்."

"உங்க புறவாசல்ல நெழல் இருக்கா?"

"முருங்க ஒண்ணு நின்னுச்சு. கம்பளிப்பூச்சி. அவ போனதும் வெட்டிட்டு மொத்தமும் சிமெண்டு போட்டேன். பளிச்சுன்னு இருக்கும்."

உலகம்மை கொய்யா மரத்தடியில் குனிந்து ஒரு பழத்தை எடுத்தாள். ஒரு பக்கம் அணில் கடித்திருந்தது. சேலையில் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

வாங்கித் தின்றார். தின்று பாதியில், "அணில் கடிச்சதுன்னாலே தனி ருசிதான்," என்றார்.

"எச்சில் இல்லையா?"

மீதிப் பழம் கையில் நின்றது.

அவள் உள்ளே போய்விட்டாள்.

*

பரிமாறுவது ஒன்றும் லேசுப்பட்ட வேலை இல்லை. ஒருவருக்கு ரசம் தெளிவாக வேண்டும். ஒருவருக்கு அடியில் கலக்கி ஊற்ற வேண்டும். ஒருவர் இலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார், வாயைத் திறந்து கேட்க மாட்டார். இதையெல்லாம் மூஞ்சியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தன் வீட்டில் உட்கார்ந்த இடத்தில் சாப்பிட்டே பழகியவர், முதல் வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கரண்டி பிடித்தார்.

எல்லோரும் எழுந்த பிறகு பானையைப் பார்ப்பார். கூட்டு தீர்ந்திருக்கும். அப்பளம் தூளாய்க் கிடக்கும். அதைத் தட்டில் போட்டுக்கொண்டு புறவாசல் படியில் போய் உட்காருவார்.

குருவிகள் அவரைக் கண்டதும் எழும்பிப் போகும்.

"அண்ணாச்சி வந்தாலும் வந்தீங்க, புறவாசல்ல ஊரடங்கு போட்ட மாதிரி ஆயிட்டு," என்றாள் சமையல் பார்க்கும் இசக்கியம்மை.

அவருக்குச் சுருக்கென்றது. உலகம்மையிடம் போனார்.

"என்னைய மட்டும் கண்டா ஓடுதும்மா. நான் ஒண்ணுமே செய்யல. கம்பக்கூட தொடல. சும்மா உட்கார்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பாக்காதீங்க."

"பாக்காம வந்துச்சா வரலையான்னு எப்படித் தெரியும்?"

உலகம்மை அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகைக் கீழே வைத்தாள்.

"உங்க வீட்டுக்காரம்மா சாப்பிடும்போது நீங்க பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?"

"இல்ல. அவ எங்களுக்கெல்லாம் போட்டுட்டுப் பொறவுதான். புறவாசல்ல, துவைகல்லுப் பக்கத்துல உட்கார்ந்துக்குவா. இதுககிட்டதான், குருவிக்கும் காக்காய்க்கும் போட்டுக்கிட்டு, என்னமோ பேசிக்கிட்டு. என்ன அங்க கூட்டம் கூட்டுதன்னு நான் உள்ள இருந்து ஒரு சத்தம் போடுவேன்."

"சாப்பிட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

அவர் யோசித்தார்.

"தட்டு கழுவுற சத்தம் கேக்கும்," என்றார்.

*

அதற்குப் பிறகு அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். இசக்கியம்மைக்கு வந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. சில நாள் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் சட்டியில் தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு நாள் இலை சரசரத்தது. தவிட்டுக்குருவிகள் பழையபடி சண்டை போட ஆரம்பித்தன. திரும்ப வேண்டும் என்று கழுத்து துடித்தது. திரும்பவில்லை.

ஆவணி பிறந்திருந்தது. அன்றைக்கு அவருக்கு மிஞ்சியது பானை அடியில் பிடித்த காந்தலும் வற்றிப்போன குழம்பும்தான். இரண்டையும் பிசைந்து வாயில் வைத்தார்.

ருசியாக இருந்தது.

நிஜமாகவே ருசியாக இருந்தது. இத்தனை வருசம் இதை யார் சாப்பிட்டார்கள் என்று நினைத்தார். யார் சாப்பிட்டிருப்பார்கள், அவள்தான். தட்டோரத்தில் ஒரு மைனா வந்து நின்றதைக்கூடக் கவனிக்காமல் இன்னொரு கவளம் உருட்டினார்.

"அண்ணாச்சி," உள்ளே இருந்து இசக்கியம்மை கூப்பிட்டாள். "சிலிண்டர் தீந்துட்டு. ஒரு நிமிசம் வந்து மாத்திக் குடுங்களேன்."

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்லா?"

"ஒரு நிமிசம்தான். அடுப்புல பால் இருக்கு."

கையை உதறிக்கொண்டு எழுந்தார். சிலிண்டரை மாற்றினார். திரும்பி வந்தார்.

தட்டு படியில் இருந்தது. ஒரு பருக்கை இல்லை. மைனாவும் அணிலும் சேர்ந்து வழித்து வைத்திருந்தன. கழுவியது மாதிரி இருந்தது.

ஆவுடைநாயகம் அந்தத் தட்டைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அழத் தொடங்கினார். கம்பத்திலிருந்து ஆள் விழுந்து செத்தபோதுகூட அழாத மனுசர், இசக்கியம்மை பயந்து உலகம்மையைக் கூட்டி வரும் அளவுக்கு அழுதார்.

உலகம்மை ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"இப்படித்தாம்மா," என்றார். "இப்படித்தான் இருந்துச்சு அந்தத் தட்டு."

அவள் காத்திருந்தாள்.

"அன்னைக்கு அவ புறவாசல்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. நான் கட்டில்ல படுத்துக்கிட்டு, என் மூக்குக் கண்ணாடி எங்கடீன்னு கத்துனேன். சாப்பிட்டுட்டு வாரேன்னா. இப்ப வான்னேன். எந்திரிச்சு வந்தா. கை கழுவாம, முழங்கையால கதவத் தள்ளிக்கிட்டு வந்தா. நடு வீட்டுல நின்னு தேடிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சப் புடிச்சுக்கிட்டுச் சாஞ்சுட்டா."

"கண்ணாடி?"

"என் சட்டப் பையிலதாம்மா இருந்துச்சு."

மைனா மறுபடியும் படிக்கு வந்தது. அவர் கையை அசைக்கவில்லை.

"எல்லாம் முடிஞ்சு மறுநாள் புறவாசலுக்குப் போனா, துவைகல்லுப் பக்கத்துல அவ தட்டு கெடக்கு. ஒரு பருக்கை இல்ல. எல்லாரும் அவ நல்லா சாப்பிட்டுட்டுத்தான் போனான்னு சொல்லிக்கிட்டாங்க. நானும் ஆமான்னுட்டேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தவள எழுப்பிட்டேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

"ம்."

"அவளுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதும்மா."

"சரி."

"மகளுக்கும் தெரியல."

"சரி."

"இனிமே தெரிஞ்சுக்கிடவும் முடியாது."

"முடியாது," என்றாள் உலகம்மை.

ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்வாள் என்று அவர் பார்த்தார். அவள் சொல்லவில்லை.

"அப்ப திதிக்கு என்னத்தம்மா வைக்க?"

"அந்தத் தட்டு எங்க இருக்கு?"

"பரண்ல போட்டுட்டேன். கண்ணுல படக் கூடாதுன்னு."

உலகம்மை எழுந்தாள். அரிவாளை எடுத்து முருங்கையில் கை மொத்தத்தில் ஒரு கொம்பை வெட்டினாள். இலைகளைக் கழித்துவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"கையில கம்பு இல்லாம உங்களால நிக்க முடியாதே அண்ணாச்சி. இத வச்சுக்கோங்க. ஊருக்குப் போங்க."

*

ஐப்பசி. காலையில் பெய்து வெறித்திருந்தது. ஆவுடைநாயகத்தின் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். வடிவு கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். கைலாசம் அக்கா படத்துக்கு மாலை போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தான்.

"என்ன அத்தான், வத்தக்குழம்பு வாசன வருது?"

"ஆமா. சுண்டவத்தக் குழம்பு. நான்தான் வச்சேன்."

"திதிக்கு யாராவது வத்தக்குழம்பு வைப்பாங்களா? வடை பாயசம் இல்லையா?"

"இல்ல."

"ஊரு சிரிக்கும் அத்தான்."

"சிரிக்கட்டும். அவ போன அன்னைக்கு அதுதான் குழம்பு. நான் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன்."

கைலாசத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவேண்டும் என்று அவர் சொல்லவும் இல்லை.

ஆவுடைநாயகம் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டு வந்தார். ஓரம் நசுங்கிய பழைய தட்டு. வடிவு அதைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். காந்தலும் சோறுமாய்ப் போட்டு, குழம்பு ஊற்றி, ஒரு கை பிசைந்தார். பாதிச் சாப்பாடு அளவுக்குத்தான் வைத்தார். மதில் மேல் வைக்கவில்லை. துவைகல்லின் பக்கத்தில், தரையில், அவள் உட்காரும் இடத்தில் வைத்தார்.

அந்த இடத்தில் சிமெண்டைப் பெயர்த்திருந்தார். புதிதாய் ஒரு மண்சட்டியில் தண்ணீர் இருந்தது.

பிறகு வந்து புறவாசல் படியில், வீட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"கூப்பிடலையா அத்தான்? கா கான்னு ஒரு சத்தம் குடுங்க."

"வேண்டாம்."

"அங்கிட்டுத் திரும்பியாவது உட்காருங்க. வந்துச்சா இல்லையான்னு பாக்காண்டாமா?"

உள்ளே போட்ட இலைகள் காத்திருந்தன. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் சர்க்கரை மாத்திரை போட்டாயிற்று என்றார். ஆடியில் பட்டினி கிடந்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

"அத்தான், அணிலு," என்றான் கைலாசம். "தட்டுல ஏறுது. எச்சில் பண்ணிரும். குருவி வேற வருது. கம்பு எங்க?"

"நட்டுட்டேன்."

"என்னது?"

"அந்தா பாரு."

பெயர்த்த சிமெண்டுக்கு நடுவில் முருங்கைக் கொம்பு நின்றது. கணுவுக்குக் கணு பச்சையாய்த் துளிர் விட்டிருந்தது. கைலாசம் கொம்பைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான். விரட்ட எடுத்த காலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

"நில்லு. போவாத," என்றார் ஆவுடைநாயகம். "அவ ஒரு நாளும் தனியாச் சாப்பிட்டதில்ல."

குருவிகள் கத்தின. அடங்கின. திரும்பக் கத்தின. அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை என்றால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது. அதையும் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பின்னால் படபடவென்று பெரிய சிறகுச் சத்தம் ஒன்று கேட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு, டொக்கென்று தட்டில் ஒரு சத்தம். அலகு எவர்சில்வரில் படும் சத்தம். மறுபடியும். மறுபடியும்.

வீட்டுக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராய் எழுந்து நின்றார்கள். வடிவு அழுதாள். கைலாசம் குனிந்து அவர் தோளைத் தொட்டான்.

"அத்தான். திரும்பிப் பாருங்க. காக்கா. உங்களத்தான், ஒரு தடவ இங்கிட்டுப் பாருங்க."

மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. ஆவுடைநாயகம் அதை எடுக்கவில்லை.

"சத்தம் போடாத," என்றார். "அவ சாப்பிட்டு முடிக்கட்டும்."